ரொபோ குழுவை யார் நடத்துவது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

ஹட்டனிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு பாடசாலையில் தரம் 12 படிக்கிறேன். எங்கள் ரொபோட்டிக்ஸ் குழுவைத் தொடங்கிய சேர் போன தவணையோடு இடமாற்றம் கிடைத்துப் போய்விட்டார். புதிதாகப் பொறுப்பெடுத்த டீச்சர் நல்லவர். ஆனால் "எனக்கு இதெல்லாம் தெரியாது பிள்ளைகள், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார். குழுவில் 14 பேர் இருக்கிறோம். வேலை தெரிந்தவர்கள் தரம் 13இல் இருக்கும் இரண்டு அண்ணாமார்தான். அவர்கள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கப் போகிறார்கள். புரோகிராம் எல்லாம் அவர்களில் ஒருவருடைய லெப்டொப்பில் இருக்கிறது. பெண் பிள்ளைகள் நாங்கள் ஐந்து பேரும் போஸ்டர் செய்வதும் மேடையில் விளக்கம் சொல்வதும்தான். தலைவர் தேர்தல் வைப்போம் என்று சிலர் சொல்கிறார்கள், வைத்தால் குழு உடைந்துவிடும் என்று சிலர். பிள்ளைகளே ஒரு குழுவை நடத்த முடியுமா? எங்கிருந்து தொடங்குவது? என் பெயரையும் பாடசாலைப் பெயரையும் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

முடியும். விஷயம் தெரிந்த ஆசிரியர் கூடவே இருந்தால் நல்லதுதான், ஆனால் அவர் இல்லை என்பதற்காகக் குழுவை மூட வேண்டியதில்லை. உங்கள் டீச்சர் அறையைத் திறந்துவிட்டால் போதும், அதிபரிடம் உங்களுக்காகப் பேசினால் போதும். சண்டை வந்தால் இரண்டு பக்கத்தையும் கேட்பவராக இருந்தால் இன்னும் நல்லது. மோட்டரைப் பற்றி அவருக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டாம்.

தேர்தலை இப்போதைக்குத் தள்ளிப் போடுங்கள். மலையகத்தில் நாம் எதற்கும் ஒரு தலைவரைத் தேடிப் பழகியவர்கள். சம்பளப் பிரச்சினைக்கும் தலைவர், கோயில் திருவிழாவுக்கும் தலைவர். தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யர் 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய காலத்தில், தோட்டத் துரைக்கு முன்னால் நின்று பேச ஒரு ஆள் கட்டாயம் தேவைப்பட்டார். பாடசாலைக் குழுவின் நிலைமை அப்படி இல்லை. உங்கள் சேர் ஒரு தலைவராக இருந்தார், அவர் போனதும் அந்த இடம் அண்ணாமாருக்கு வந்தது. இப்போது தேர்தல் வைத்தால் அதே நாற்காலியில் இன்னொருவரை உட்கார வைப்பீர்கள், அவரும் பரீட்சை வந்ததும் எழுந்து போவார். நான் சொல்ல விரும்புவது இதுதான்: குழுவில் ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம், ஒரே ஒருவரிடம் மட்டும் இருக்கும் பொருள் என்று எதுவும் இருக்கக் கூடாது. அலுமாரிச் சாவி, புரோகிராம், கணக்குக் கொப்பி, சாமான் வாங்கும் கடையின் நம்பர், போட்டிக்குப் பதிந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்ட் எல்லாம் இதில் சேரும். இதைச் சரி செய்துவிட்டால் யார் தலைவர் என்பதில் பாதிச் சூடு தணிந்துவிடும்.

லெப்டொப்பிலிருந்து தொடங்குங்கள், இந்த வாரமே. பதுளைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் புரோகிராம் எழுதிய பையன் கண்டியில் டியூஷனுக்குப் போனான். அவனுடைய லெப்டொப் பழுதாகி, யாரோ அதை அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் கையில் ரொபோ மட்டும் இருந்தது. அதுவும் ஓடியது. ஆனால் ரொபோவை இயக்கும் ஆர்டுயினோ உனோ என்ற சின்னக் கொம்பியூட்டர் போர்டின் 32 கிலோபைட் நினைவகத்தில் இருப்பது இயந்திரம் வாசிக்கும் வடிவம். நாம் எழுதிய வரிகளை, நாம் வைத்த பெயர்களோடும் குறிப்புகளோடும் அதிலிருந்து திரும்ப எடுக்க முடியாது. கோட்டைப் பின்தொடரும் அந்த ரொபோ வகுப்பறையில் ஒழுங்காக ஓடிவிட்டு, பெரிய ஜன்னல் வைத்த மண்டபத்தில் தடுமாறியது. சென்சர் கறுப்பையும் வெள்ளையையும் பிரிக்கும் எண்ணை அந்த வெளிச்சத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருந்தது. அந்த சென்சர் அகச்சிவப்புக் கதிரை வைத்துத்தான் பார்க்கிறது. வெயிலிலும் அந்தக் கதிர் இருக்கிறது, அது சென்சரைக் குழப்பும். ஒரு எண்ணை மாற்றும் வேலைதான். மாற்ற ஒருவருக்கும் வழியில்லாமல் போனது.

ஆகவே அண்ணாவோடு உட்கார்ந்து புரோகிராமைப் பாடசாலை கொம்பியூட்டரிலும் ஒரு பென் டிரைவிலும் குழுவின் பெயரில் திறந்த ஒரு கணக்கிலும் ஏற்றுங்கள். பாஸ்வேர்டை ஒரு கடித உறையில் போட்டு ஒட்டி டீச்சரிடம் கொடுங்கள். அதோடு விடாதீர்கள். தரம் 10 பிள்ளை ஒருவர் அண்ணா பார்த்துக்கொண்டிருக்கும்போதே புரோகிராமைத் திறந்து, அந்த எண்ணை மாற்றி, போர்டில் ஏற்றி, ரொபோவை ஓட்டிக் காட்ட வேண்டும். அண்ணா கீபோர்டில் கை வைக்கக் கூடாது. அந்தப் பிள்ளைக்கு அது கைவந்த பிறகுதான் அண்ணாவை விட வேண்டும். நம் தோட்டங்களில் காமன் கூத்துப் பழகும் இடத்தில் சின்னப் பையன்கள் சுற்றி உட்கார்ந்து பார்த்தே பாட்டைப் பிடித்துக்கொள்வார்கள். லெப்டொப் முன்னால் அப்படி நடக்காது, தட்டுகிறவருக்கு மட்டும்தான் விளங்கும். புரோகிராமுக்குள் எழுதும் குறிப்புகளைத் தமிழிலேயே எழுதுங்கள், ஆர்டுயினோ மென்பொருள் அதை ஏற்றுக்கொள்ளும்.

அடுத்து, பிள்ளைகள் போகும் காலம். கொழும்பில் ஒரு பெரிய பாடசாலையில் தரம் 6இல் சேர்ந்த பிள்ளை தரம் 13 வரை அங்கேயே இருக்கலாம். நம் பக்கம் அப்படி இல்லை. தோட்டப் பாடசாலைகள் பல சாதாரண தரத்தோடு முடிகின்றன. உயர்தரம் இருக்கும் இடத்திலும் விஞ்ஞானப் பிரிவோ தொழில்நுட்பப் பிரிவோ இல்லாவிட்டால் பிள்ளை ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ போய்விடும். ஆகவே உங்கள் குழு தரம் 11 முடிவில் ஒரு முறையும் தரம் 13 தொடக்கத்தில் ஒரு முறையும் ஆட்களை இழக்கும். முன்பு ஓகஸ்டில் உயர்தரம், டிசம்பரில் சாதாரண தரம் என்று நிச்சயமாகச் சொல்லலாம். 2020க்குப் பிறகு அந்த நாட்காட்டி கலைந்துவிட்டது. அதனால் பொறுப்பு மாறும் நாளை மாதம் போட்டு எழுத வேண்டாம். "தரம் 13க்குப் போகும் நாளில் பொறுப்பு கைமாறும், அதன் பின் ஆலோசனை மட்டும்" என்று எழுதுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேரைப் போடுங்கள், ஒருவர் மற்றவரைவிட இரண்டு வகுப்பாவது கீழே இருக்கட்டும். சாதாரண தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கும் மாதங்கள் இருக்கின்றனவே, நம் பிள்ளைகளுக்கு வருடத்தில் நிஜமாக நேரம் கிடைப்பது அப்போதுதான். டீச்சர் மூலம் அனுமதி வாங்கி அவர்களை அறைக்கு வரவழையுங்கள்.

இனி முடிவெடுக்கும் விஷயம். குழுக்கள் உடைவது பெரும்பாலும் இங்கேதான். எந்த ஸ்குரூ, எந்த வயர் என்பதை அந்த வேலையைச் செய்கிறவர்களே தீர்மானிக்கட்டும், அதில் தலைவர் தலையிட வேண்டாம். ரொபோவின் அமைப்பு எப்படி இருக்க வேண்டும், உதாரணமாகக் கட்டையைத் தூக்கும் அதன் கை எப்படி இருக்க வேண்டும் என்பதில் சண்டை வரும், வந்தே தீரும். அதை வாக்கெடுப்புக்கு விடாதீர்கள். வாக்கெடுத்தால் அதிகம் கூட்டாளிகள் உள்ளவருடைய கை ஜெயிக்கும், நல்ல கை ஜெயிக்காது. இரண்டு தரப்பும் ஒரு வாரத்துக்குள் மட்டையில் செய்து கொண்டுவரட்டும். ஒரே கட்டையை இரண்டு கையாலும் பத்துத் தடவை தூக்கிப் பாருங்கள். எத்தனை தடவை விழுந்தது என்று கரும்பலகையில் எழுதுங்கள். தோற்றவருக்கும் வருத்தம் குறைவாக இருக்கும். சோதித்துப் பார்க்க முடியாதவற்றுக்கு வாக்கு வைத்துக்கொள்ளுங்கள்: எந்தப் போட்டிக்குப் போவது, இருக்கும் பணத்தில் முதலில் எதை வாங்குவது, யாரைப் பொறுப்பில் வைப்பது.

பெட்டரியில் வாக்கே கிடையாது. 18650 என்ற உருளை வடிவ லிதியம் செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கிப் பாவிக்காமல் இருப்பது நல்லது. வீங்கியது, நசுங்கியது, உறை கிழிந்தது எதையும் தொட வேண்டாம். ஆள் இல்லாத அறையில் சார்ஜில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. "நிறுத்து" என்று தரம் 7 பிள்ளை சொன்னாலும் தலைவர் நிறுத்த வேண்டும். இதைச் சுவரில் ஒட்டுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றி எழுதியதை வாசித்தபோது கோபம் வந்தது, ஏனென்றால் நான் போன பல பாடசாலைகளில் இதே காட்சிதான். பிள்ளை சோல்டரிங் அயனை எடுத்து வயரின் நுனியில் வைக்கிறாள். ஈயம் உருகி உருண்டையாக நிற்கிறது, ஒட்டவில்லை. பக்கத்தில் நிற்கும் பையன் "இங்க தா, நான் செய்றேன்" என்று கையிலிருந்து வாங்குகிறான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, உதவி என்றே நினைக்கிறான். அவள் ஓரமாகப் போய் போஸ்டருக்குக் கலர் அடிக்கிறாள். ஆகவே உங்கள் விதியில் முதல் வரியாக இதை எழுதுங்கள்: வேலை செய்கிறவர் கையிலிருந்து சாமானை யாரும் வாங்கக் கூடாது. வாயால் சொல்லிக் கொடுக்கலாம். முதலில் வயரைச் சூடாக்கு, பிறகு ஈயத்தைத் தொடு என்று சொன்னால் மூன்றாவது தடவை அவளுக்கு வந்துவிடும். முதல் தவணையில் எல்லாரும் சோல்டர் செய்ய வேண்டும், எல்லாரும் புரோகிராம் ஏற்ற வேண்டும், பையன்களும் மேடையில் பேச வேண்டும்.

கூட்டம் எத்தனை மணிக்கு முடிகிறது என்பதையும் பாருங்கள். கடைசி பஸ்ஸுக்குப் பிறகு நடக்கும் கூட்டத்தில் டவுனில் வீடு இருக்கும் பையன்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள், முடிவுகளும் அங்கேதான் நடக்கும். மலைப் பாதையில் இருட்டோடும் பனியோடும் நடந்து போக எந்த அம்மாவும் மகளை விட மாட்டார். பஸ்ஸுக்கு அரை மணி முன்னால் கூட்டத்தை முடியுங்கள். அதன் பிறகு வட்ஸ்அப்பில் எடுத்த முடிவு எதுவும் செல்லாது என்றும் எழுதிவிடுங்கள்.

பணம். எல்லாரும் இவ்வளவு கட்ட வேண்டும் என்று சந்தா வைக்காதீர்கள். 2024இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. மோட்டரை ஓட்டும் "மோட்டர் டிரைவர்" என்ற சின்ன போர்ட் ஒன்று எரிந்து, இரண்டு சென்சரும் மாற்ற வேண்டி வந்து, கொழும்பு புறக்கோட்டையிலிருந்து கூரியரில் எடுப்பித்தால் ஒரு அம்மா ஒரு நாள் கொழுந்து பறித்த காசு போய்விடும். கட்ட முடியாத பிள்ளை அதை வாய்விட்டுச் சொல்லாது. வயிற்றுவலி என்று சொல்லும், டியூஷன் என்று சொல்லும், பிறகு வராமலே போகும். பழைய மாணவர் சங்கத்திடமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமும் கணக்கைக் காட்டிக் கேளுங்கள். காட்டக் கணக்கு இருந்தால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பாடசாலையின் பெயரில் வரும் பணம் அதிபர் வழியாகப் போவதுதான் முறை, யாருடைய சொந்தக் கணக்கிலும் போட வேண்டாம். கொப்பியில் வரவு, செலவுக்குப் பிறகு "எரிந்த சாமான்" என்று தனியாக ஒரு பக்கம் வையுங்கள். என்ன எரிந்தது, ஏன் எரிந்தது என்று எழுதுங்கள், எரித்தவர் பெயரை எழுதாதீர்கள். பெயர் எழுதினால் அடுத்த தடவை எரிந்த போர்ட் சத்தமில்லாமல் அலுமாரிக்குள் திரும்பப் போய்விடும்.

அமெரிக்காவில் டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் 1989இல் ஃபர்ஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் பாடசாலை ரொபோ போட்டி 1992இல் 28 குழுக்களோடு ஒரு பாடசாலை ஜிம்மில் ஆரம்பமானது. அந்தப் போட்டியின் மிக உயர்ந்த விருதுக்கு இப்போது இம்பாக்ட் விருது என்று பெயர். களத்தில் ஜெயித்த ரொபோவுக்கு என்று அது கொடுக்கப்படுவதில்லை, தன்னைச் சுற்றி இருப்பவர்களுக்குக் குழு என்ன செய்தது என்று பார்த்துக் கொடுக்கிறார்கள். நம் நாட்டில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் ரொபோட்டிக்ஸ் போட்டியில் பாடசாலைப் பிரிவு இருக்கிறது, அதற்குக் கட்டாயம் போங்கள். போவதற்கு முன்னால், உங்களைச் சுற்றி சாதாரண தரம் வரை மட்டும் இருக்கும் பாடசாலை ஒன்றுக்கு உங்கள் பழைய ரொபோவைத் தூக்கிக்கொண்டு போய் தரம் 8, 9 பிள்ளைகளின் கையில் கொடுங்கள். தரம் 12க்கு உங்களிடம் வந்து சேரப்போவது அந்தப் பிள்ளைகள்தான்.

சரி, தேர்தல். மேலே சொன்னவற்றை ஒரே ஒரு தாளில் எழுதி, 14 பேரும் வாசித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு வையுங்கள். இரகசிய வாக்கு, எண்ணுவது டீச்சர். தலைவர் தரம் 12இலிருந்து வரட்டும், உப தலைவர் தரம் 10இலிருந்து. நன்றாகப் புரோகிராம் எழுதுகிறவரைத் தலைவராக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் யார் வேலையில்லாமல் நிற்கிறார்கள், யார் இரண்டு வாரமாக வரவில்லை என்று பார்க்க ஆள் வேண்டும். வராத பிள்ளையின் பெயரை வெட்டுவதற்கு முன்னால் ஒருவர் போய்ப் பேசிப் பார்க்க வேண்டும். தலைவர் சரியில்லை என்றால் மூன்றில் இரண்டு பங்கு பேர் சேர்ந்து மாற்றலாம் என்பதையும் இப்போதே தாளில் போடுங்கள். சண்டை வந்த பிறகு அந்த வரியை எழுத யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நீங்கள் போட்டியிட வேண்டும் என்று நினைக்கிறேன். இவ்வளவையும் கவனித்து எழுதியவர் நீங்கள்தானே. தாளை எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், முக்கியமாகப் பணம் பற்றிய பகுதியை. வாசித்துவிட்டு என் கருத்தை எழுதுகிறேன். அண்ணாமார் இருவருக்கும் பரீட்சைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா