"பொறு" என்று நான் சொல்ல மாட்டேன்

கேள்வி: என்விடியாவின் கிராபிக்ஸ் கார்டுகளில் 2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090, 2025-இல் வந்த 5090 இரண்டின் சிப்பும், தைவான் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சி-யின் அதே 4என் என்ற தயாரிப்பு முறையில் செய்தவை என்று படித்தேன். இத்தனை நாளாகியும் சிப்பைச் சுருக்க முடியவில்லையா? அடுத்த தலைமுறை வரும்வரை கார்டு வாங்காமல் இருக்கலாமா?
– பொறியியல் மாணவர், திருச்சி

பதில்: பொறுத்திருக்கச் சொல்லும் தகுதியை நான் 2013-லேயே இழந்துவிட்டேன், தம்பி. என் அக்கா மகன் கார்டு வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டு வந்து நின்றான். அப்போது வந்த புதுக் கார்டெல்லாம் 28 நானோமீட்டர் என்ற தயாரிப்பு முறை; எண் குறைந்தால் முறை புதிது, சிப்பின் பாகங்கள் இன்னும் சிறிது. "அடுத்த வருஷம் 20 வருதுடா, பொறு" என்றேன். சொன்னபடி 20 வந்தது. 2014-இல், ஐபோன் 6-க்குள். கார்டுப் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

காரணம் கசிவு. 20-இல் டிரான்சிஸ்டர், அதாவது சிப்பிலுள்ள குட்டி மின்சுவிட்ச், இன்னும் தட்டையாகவே இருந்தது. அந்த அளவுக்குச் சிறிதாக்கினால், மூடிய குழாய் சொட்டுவதுபோல, அணைத்த பிறகும் மின்சாரம் ஒழுகும். சில வாட்டில் ஓடும் போன் சிப் அதைத் தாங்கும். 200 வாட் கார்டு என்ன செய்யும்? செலவும் ஏறியது: நுண்ணிய அடுக்குகளை இரண்டு தடவையாக அச்சடிக்க வேண்டியிருந்தது. 20-க்கென வரைந்த வடிவமைப்புகளைக் கைவிட்டதில், கார்டு சிப் செய்யும் இன்னொரு நிறுவனமான ஏஎம்டி 2015-இல் 3.3 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. டிரான்சிஸ்டரைத் துடுப்புபோல் நிமிர்த்தி, மூன்று பக்கமும் கேட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் பகுதி) அணைத்துப் பிடிக்கும் ஃபின்ஃபெட் என்ற வடிவம் வந்த பிறகுதான், 2016 மே மாதம், 16 நானோமீட்டரில் ஜிடிஎக்ஸ் 1080 வந்தது.

புது முறை முதலில் போனுக்குப் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு தட்டு மைசூர்பாகில் பத்துக் கல் கிடக்கிறது என்று வையுங்கள். சின்னத் துண்டுகளாக வெட்டினால் பத்துத் துண்டுதான் வீண். பெரிய துண்டுகளாக வெட்டினால் பாதித் தட்டு போச்சு. ஐபோன் 6-இன் ஏ8 சிப் 89 சதுர மில்லிமீட்டர். 5090-இன் சிப் 750. ஆப்பிள் போன் சிப்பில் 2023-லேயே 3 நானோமீட்டருக்குப் போனதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஆனால் அந்த 28 காலத்தில் யாரும் சும்மா உட்காரவில்லை. 2012-இன் ஜிடிஎக்ஸ் 680-இல் 354 கோடி டிரான்சிஸ்டர், 195 வாட். 2014-இன் 980-இல் 520 கோடி, 165 வாட். இரண்டும் 28-தான்! வடிவமைப்பை மாற்றியே சாதித்தார்கள். 5090-இல் எனக்குக் குறை அங்கேதான்: 4090-இன் 450 வாட் இதில் 575 ஆகிவிட்டது.

சரி, உங்கள் விஷயம். இப்போது வேலை இருக்கிறதென்றால் இப்போதே வாங்குங்கள். அக்கா மகன் 2016-இல் தன் முதல் சம்பளத்தில் கார்டு வாங்கினான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேள்வி: 16 நானோமீட்டர் சிப்பில் எது 16 நானோமீட்டர்?
– வாசகி, ஈரோடு

பதில்: எதுவுமில்லை. டிஎஸ்எம்சி-யின் 16-இல் கம்பிகளின் இடைவெளி, அவர்களின் 20-இல் இருந்த அதே 64 நானோமீட்டர். பனியனில் 'எக்ஸ்எல்' என்று போட்டிருப்பார்களே, அந்த மாதிரி.