கதவைச் சாத்திக்கொண்டு சொறியும் குழந்தை

கேள்வி: என் 7 வயது மகளுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்தே அடோபிக் டெர்மடைடிஸ் என்ற தோல் அரிப்பு நோய். முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் தோல் சிவந்து தடித்திருக்கிறது. டாக்டர் ஸ்டீராய்டு களிம்பு கொடுத்திருக்கிறார். பயந்து கொஞ்சமாகத்தான் தடவுகிறேன். ராத்திரியில் யாருக்கும் தூக்கமில்லை. எவ்வளவு அதட்டினாலும் சொறிவதை விடமாட்டேன் என்கிறாள். இப்போதெல்லாம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொறிகிறாள், கேட்டால் பொய் சொல்கிறாள். அவள் அப்பா கோபத்தில் கத்திவிடுகிறார். இந்தப் பழக்கத்தை எப்படி நிறுத்துவது?

பதில்: குளியலறைக் கதவைப் பற்றிப் போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். என்னால் அப்படிப் போக முடியவில்லை. ஏழு வயதுக் குழந்தை தன் உடம்பு படும் பாட்டைப் பெற்ற தாயிடமே ஒளிக்கிறாள். அதைப் பொய் என்கிறீர்கள். உண்மையைச் சொன்னால் வீட்டில் என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும் அம்மா. உங்கள் அதட்டல், அப்பாவின் கத்தல். வேறென்ன?

சொறிவது பழக்கம் இல்லை, நோய். ஈரத்தை உள்ளே பிடித்துவைக்க வேண்டிய தோலின் மேலடுக்கு இந்தக் குழந்தைகளுக்குப் பலவீனமாக இருக்கிறது. ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணுவில் இருக்கும் குறை இதற்கு ஒரு முக்கியமான காரணம் என்று 2006-இல் கண்டுபிடித்தார்கள். தோல் காய்கிறது, உறுத்தும் பொருள்கள் உள்ளே நுழைகின்றன, உடம்பு அவற்றோடு மல்லுக்கு நிற்கிறது. அதனால் அரிப்பு. சொறியச் சொறியத் தோல் கிழிந்து இன்னும் அரிக்கும். தூக்கத்தில் கூடச் சொறிகிற குழந்தையிடம் "சொறியாதே" என்று சொல்லி என்ன பயன்?

அரிப்பு அடங்கினால்தான் சொறிவது அடங்கும். அதற்கான மருந்து உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அதைப் பட்டும் படாமலும் தடவிவிட்டுக் குழந்தையைத் திட்டுகிறீர்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். வீரியமான ஸ்டீராய்டை டாக்டரைக் கேட்காமல் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், உண்மை. உடம்பின் எந்த இடத்துக்கு எந்த வீரியம், எத்தனை நாள் என்று டாக்டர் பார்த்துச் சொன்னபடி போடுவதற்கு இப்படிப் பயப்பட வேண்டியதில்லை. அரைகுறையாகப் போட்டால் வீக்கம் அடங்காமல் மாதக்கணக்கில் இழுக்கும். பெரியவர்களின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய களிம்பு, விரல்களையும் சேர்த்துப் பெரியவர்களின் 2 உள்ளங்கை அளவு இடத்துக்குச் சரியாக இருக்கும். சிவந்த இடங்களில் அப்படிப் போடுங்கள்.

மாய்ஸ்சரைசர் உடம்பு முழுக்க, தினமும் குறைந்தது 2 வேளை, தோல் நன்றாக இருக்கும் நாளிலும். வாசனை இல்லாததாகப் பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளிப்பாட்டி, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் தடவ வேண்டும்.

அந்த ராத்திரி வேளை மாய்ஸ்சரைசர் அப்பாவின் வேலை. "உதவி" என்று சொல்லி அவரிடம் கெஞ்சாதீர்கள். பெற்ற பிள்ளைக்கு மருந்து போடுவது தகப்பன் கடமை. அதைச் செய்யாதவருக்குக் கத்தும் உரிமையும் கிடையாது. ராத்திரி விழிப்பதையும் முறைபோட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்ட பெற்றோர் எரிந்து விழுகிறார்கள், தூக்கம் கெட்ட குழந்தை அடம் பிடிக்கிறது, பழி குழந்தை மேல் விழுகிறது. இதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன்.

அப்புறம், அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள், இரண்டு பேருமே. "அரிச்சா எங்கிட்ட வா, திட்ட மாட்டேன்" என்று சொல்லுங்கள். வந்தால் குளிர்ந்த ஈரத்துணியை வையுங்கள், களிம்பு போடும் வேளை என்றால் அவளையே கூடச் சேர்ந்து போட விடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். இது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை என்று பள்ளி ஆசிரியரிடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள். வீட்டில் ஒளிப்பவள் அங்கே என்னென்ன கேட்டுக்கொண்டு வருகிறாளோ!

இனி தினமும் அவள் தோலை நீங்களே பாருங்கள். மஞ்சள் பொருக்கு, நீர் வடிதல், காய்ச்சல், கொத்துக் கொத்தாக வலிக்கும் கொப்புளங்கள், இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். கதவுக்குப் பின்னால் இருக்கும் குழந்தையிடம் இதெல்லாம் உங்கள் கண்ணில் படாது. இந்தப் பதிலை அவள் அப்பாவும் படிக்கட்டும்.