துக்கம் ஓடிக் கொடுக்குமா?

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): அம்மா இறந்த சோகத்தையே வெறியாக்கி ஒலிம்பிக் தங்கம் வாங்கினாராமே, ஆப்பிரிக்காவில் இருக்கும் போட்ஸ்வானாவின் ஓட்டக்காரர் லெட்சிலே டெபோகோ?

பதில்: அப்படிச் சொல்லும் வீடியோ எனக்கும் நாலு குரூப்பில் வந்தது. பின்னணியில் வயலின் வேறு. ஓடி முடித்ததும் ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூவைக் கழற்றி கேமராவுக்கு நேராகக் காட்டுகிறார், அம்மாவின் நினைவாக. எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் அந்த ‘வெறி’ சமாசாரத்தை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அம்மா எலிசபெத் செராதிவா காலமானது 2024 மே மாதம். ஆகஸ்ட் 8-ல் பாரிஸில் மகன் 200 மீட்டரை 19.46 விநாடியில் ஓடினார். இந்த இரண்டு தேதியை மட்டும் வைத்துக் கதை பின்னுகிறார்கள். அதற்கு முந்தைய வருஷம், 2023 ஜூலையிலேயே லண்டனில் 19.50 ஓடிவிட்டாரே! நமீபியாவின் ஃபிராங்கி ஃபிரெடரிக்ஸ் 1996-ல் அட்லாண்டாவில் ஓடிய 19.68, 27 வருஷம் அசையாமல் கிடந்த ஆப்பிரிக்க சாதனை. அது அன்றைக்கே போயிற்று. அடுத்த மாதம் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் 100 மீட்டரில் வெள்ளி, 200-ல் வெண்கலம். 2024 பிப்ரவரியில் பிரிட்டோரியாவில் 300 மீட்டரை 30.69-ல் முடித்தார். அந்தத் தூரத்தை அதுவரை யாரும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. அப்போதெல்லாம் அம்மா உயிரோடுதான் இருந்தார்.

துக்கம் முதலில் தூக்கத்தைக் கெடுக்கும், பிறகு பசியை. என் அப்பா தவறிய மாதம் பஸ்ஸைப் பிடிக்கக்கூட நான் ஓடவில்லை. போனால் போகிறது என்று நின்றேன். இருபத்தொரு வயதுப் பையன் அந்த நிலையிலும் களத்துக்குத் திரும்பினான் என்றால் அதிசயம் அதுதான். தங்கம் ஏற்கெனவே அவன் காலில் இருந்தது.

கேள்வி (காரைக்கால் வாசகி): 19.46 என்றால் எவ்வளவு வேகம்?

பதில்: சராசரி மணிக்கு 37 கிலோமீட்டர். அதுவும் நின்ற இடத்திலிருந்து கிளம்பும் நேரத்தையும் சேர்த்து. பத்தாம் வகுப்பில் நானும் 200 மீட்டர் ஓடியவன்தான். வளைவில் பக்கத்து சுண்ணாம்புக் கோட்டை மிதித்ததற்கு வெளியே அனுப்பிவிட்டார்கள், நேரம் தெரியாமலே போயிற்று. வளைவைத் தாண்டி நேர்கோட்டுக்கு வந்த பிறகுதான் கால் ஈயமாகும். டெபோகோவின் பலமே அந்த இடம். பாரிஸில் அவருக்குப் பின்னால் வந்த அமெரிக்கர்கள் இருவர்: கென்னி பெட்னரெக் 19.62, கொரோனாவோடு ஓடிய நோவா லைல்ஸ் 19.70. இரண்டு நாள் கழித்து 4x400 தொடரோட்டத்தில் கடைசிச் சுற்றையும் ஓடி, நாட்டுக்கு வெள்ளி வாங்கித் தந்தார்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): இத்தனூண்டு நாட்டிலிருந்து எப்படி?

பதில்: இத்தனூண்டா? பரப்பில் பிரான்ஸைவிடப் பெரிது, பெரும்பகுதி கலஹாரி பாலைவனம். சனங்கள்தான் 25 லட்சத்துக்குச் சொச்சம். ஓட்டம் அங்கே புதிதும் அல்ல. அமான்ட்லே மொன்ட்ஷோ 2011-லேயே 400 மீட்டரில் உலக சாம்பியன். 2012-ல் 800 மீட்டரில் நைஜல் அமோஸ் வாங்கிய வெள்ளிதான் நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம். எந்த விளையாட்டிலும் முதல் தங்கம், டெபோகோவுடையது. மறுநாள் அரைநாள் லீவு விட்டார் அதிபர்.

2025 டோக்கியோ உலகப் போட்டியில் அவருக்கு நேரம் சரியில்லை. 100 மீட்டர் இறுதியில் துப்பாக்கிக்கு முன்பே கிளம்பி வெளியேறினார், 200-ல் நாலாமிடம். கடைசி நாள் கொட்டும் மழையில் 4x400. டெபோகோ ஒரு சுற்று ஓட, கடைசிச் சுற்றில் காலன் கெபினாட்ஷிபி அமெரிக்காவைப் பிடித்தார். 2 நிமிடம் 57.76 விநாடி; அமெரிக்காவுக்கு 57.83. இந்தத் தொடரோட்டத்தில் ஆப்பிரிக்க நாடு ஒன்று உலகத் தங்கம் வாங்கியது அதுவே முதல் முறை. இந்தத் தடவை முழுநாள் லீவு, செப்டம்பர் 29. மறுநாள் அவர்களின் சுதந்திர தினம், அது எப்படியும் லீவு.