சைக்கிள்களை வசதியாக ஏற்றிச் செல்ல எந்த மாதிரி கார் வாங்கலாம்?

இரண்டு சைக்கிள், எப்போதாவது மூன்று. ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டும் தொல்லை குறைவாக இருக்க வேண்டும். அதற்கு எந்த கார் சரி என்பது கேள்வி.

கார் மாடல்களைத் தேடத் தொடங்கும் முன் இஞ்ச் டேப்பை எடுத்து உங்கள் சைக்கிளை அளந்துவிடுங்கள். விளம்பரத்தில் வரும் டிக்கி கொள்ளளவு லிட்டர் கணக்கு பெட்டி படுக்கைகளுக்கு உதவும், சைக்கிளுக்கு உதவாது. 600 லிட்டர் டிக்கியின் வாய் குட்டையாக இருந்தால் சைக்கிள் உள்ளே போகாது. அதைவிடச் சிறிய டிக்கி, வாய் உயரமாக இருந்தால் விழுங்கிவிடும்.

பெரியவர்கள் ஓட்டும் ரோடு பைக்கின் நீளம் ஏறத்தாழ 165 முதல் 175 செ.மீ. 29 அங்குலச் சக்கர மவுண்டன் பைக் என்றால் 180-ஐத் தாண்டும். முன்சக்கரத்தைக் கழற்றினால் 35 செ.மீ. போல மிச்சமாகும். சீட் போஸ்ட்டையும் உருவிவிட்டால், நிற்கும் நிலையில் உயரம் சுமார் 80 செ.மீ.க்குள் வந்துவிடும். ஆனால் மவுண்டன் பைக்கின் ஹேண்டில்பார் 75 முதல் 80 செ.மீ. அகலம். உள்ளே ஏற்றும்போது பெரும்பாலும் இடிப்பது அதுதான்.

காரில் அளக்க வேண்டியவை மூன்று. முதலாவது, பின்கதவைத் திறந்து, கீழ் விளிம்பிலிருந்து மேல் விளிம்பு வரை உள்ள உயரம். கூரையின் உட்புறத்தை அளந்து ஏமாற வேண்டாம், வாசல்தான் கணக்கு. பின்பக்கம் சரிந்து இறங்கும் கூபே பாணி எஸ்யூவிகள் இதில்தான் தோற்கின்றன. இரண்டாவது, பின்சீட்டை மடக்கிய பிறகு முன்சீட்டின் முதுகு வரை உள்ள நீளம். இதை அளக்கும்போது முன்சீட் நீங்கள் உட்கார்ந்து ஓட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சீட்டை முழுக்க முன்னால் தள்ளி வைத்து அளந்தால் 20 செ.மீ. கூடுதலாகக் காட்டும், வண்டி ஓட்டத்தான் முடியாது. மூன்றாவது, பின்சக்கர வளைவுகளுக்கு இடையே உள்ள குறுகலான அகலம்.

மடக்கிய சீட்டும் டிக்கித் தளமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். நடுவில் படி இருந்தால் சைக்கிளின் செயின்ரிங் (பெடலோடு சுற்றும் பல்சக்கரம்) அங்கே போய் மாட்டும். தளம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதும் முக்கியம். 15 கிலோ மவுண்டன் பைக்கை முழங்கால் உயரத்துக்குத் தூக்குவதும் இடுப்பு உயரத்துக்குத் தூக்குவதும் ஒன்றல்ல.

இந்த அளவுகளில் தேறுபவை பெட்டி போன்ற வடிவமுள்ள எம்பிவி (மூன்று வரிசை சீட் உள்ள குடும்ப வண்டி), வேன், கூரை பின்முனை வரை நீளும் எஸ்டேட் வகை. இருவர், இரண்டு சைக்கிள் என்றால் என் தேர்வு பெட்டி வடிவ எம்பிவிதான். முன்சக்கரத்தை மட்டும் கழற்றி, சைக்கிள்களை நிற்க வைத்தே ஏற்றலாம். மூன்றாம் வரிசை சீட் தரைக்குள் மடங்குகிறதா, பக்கவாட்டில் தொங்குகிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் தொங்கும் சீட் அகலத்தைத் தின்றுவிடும். பின்சீட் 40:20:40 என மூன்றாகப் பிரிந்தால் மூன்றாம் ஆளுக்கும் இடம் கிடைக்கும். செடானை இந்த வேலைக்கு விட்டுவிடுங்கள். சீட் மடங்கினாலும் டிக்கிக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள திறப்பு சிறியது. இரு சக்கரங்களையும் கழற்றி நுழைக்க வேண்டும்.

உள்ளே ஏற்றும் சைக்கிளைக் கட்டாமல் விடக் கூடாது. திடீர் பிரேக்கில் அது முன்சீட் முதுகில் வந்து மோதும். தளத்தில் இரும்பு வளையங்கள் உள்ள காராகப் பாருங்கள். படுக்க வைத்தால் செயின் பக்கம் மேலே இருக்கட்டும். இல்லாவிட்டால் பின்சக்கரத்தின் கியர் மாற்றியைத் தாங்கும் கொக்கி (டிரெய்லியர் ஹேங்கர்) வளைந்து கியர் கோணலாகும்.

ஆட்கள் நான்கு பேர் ஆகும்போது சைக்கிள் வெளியேதான் போக வேண்டும். கூரையா, பின்புறமா?

கூரை என்றால் கார் கையேட்டில் உள்ள கூரைச் சுமை வரம்பைப் பாருங்கள். பல கார்களில் 50 முதல் 100 கிலோவுக்குள் இருக்கும். குறுக்குக் கம்பிகளும் கேரியர்களும் அந்த வரம்புக்குள் சேர்த்தி. கம்பிகள் 6 கிலோ, ஒரு கேரியர் 4 கிலோ, ஒரு சைக்கிள் 14 கிலோ என்று வையுங்கள். இரண்டு சைக்கிளுக்கு 42 கிலோ, மூன்றுக்கு 60. வரம்பு 50 என்றால் மூன்றாவதுக்கு இடமில்லை. சில கார்களின் ரூஃப் ரெயில் (கூரையின் இருபுறமும் நீளவாக்கில் உள்ள கம்பி) வெறும் அலங்காரம், சுமை தாங்காது. இதையும் கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். சைக்கிள் நிற்கும்போது மொத்த உயரம் 2.6 மீட்டரைத் தாண்டக்கூடும். அடித்தள பார்க்கிங் வாசல்கள் பல 2 மீட்டர் சொச்சம்தான். கூரையில் சைக்கிள் இருப்பதை மறந்து உள்ளே நுழைபவர்கள் உண்டு. சைக்கிள், கூரை இரண்டுமே போய்விடும். ஓட்டுநர் கண்ணில் படும்படி டாஷ்போர்டில் ஒரு சீட்டு ஒட்டி வைப்பது நல்ல பழக்கம். உயரமான எஸ்யூவியின் கூரைக்கு ஒருவரே தூக்கி ஏற்றுவது முதுகுக்குக் கேடு.

அதனால் அடிக்கடி ஏற்றி இறக்குபவர்களுக்கு நான் சொல்வது டோ பாரில் (வேறு வண்டியை இழுக்க காரின் பின்னால் பொருத்தும், முனையில் பந்து உள்ள கம்பி) மாட்டும் மேடை ரேக். சக்கரங்கள் தட்டில் நிற்கும், தூக்கும் உயரம் குறைவு. கார் வாங்கும்போதே அந்த மாடலுக்கு டோ பார் அனுமதி உண்டா என்று கேளுங்கள். சிலவற்றில் பிற்பாடு பொருத்த அனுமதி கிடையாது. டோ பாரின் செங்குத்துச் சுமை வரம்பே (அதன் மேல் கீழ்நோக்கி அழுத்தலாம் என்ற எடை) இங்கே தீர்ப்பு சொல்லும். வரம்பு 75 கிலோ, ரேக் 18 கிலோ என்றால் மிச்சம் 57. 14 கிலோ சைக்கிள் நான்கு ஏற்றினால் 56, இழுபறி. வரம்பு 50 என்றால் மிச்சம் 32. சாதாரண சைக்கிள் இரண்டு போகும், 25 கிலோ மின்சார சைக்கிள் இரண்டு போகாது. மின்சார சைக்கிளின் பேட்டரியைக் கழற்றி உள்ளே வைத்தால் ஒவ்வொன்றிலும் 3 கிலோ போலக் குறையும். சைக்கிள்கள் டோ பாரின் பந்தைத் தாண்டிப் பின்னால் தொங்குவதால் நெம்புவிசை கூடுகிறது. சில கையேடுகள் சைக்கிள் ரேக்குக்கென்று தனியாகக் குறைந்த வரம்பு தருவது இதனால்தான்.

பின்புற ரேக் நம்பர் பிளேட்டையும் விளக்குகளையும் மறைக்கும். பல நாடுகளில் அது குற்றம், ஆகவே விளக்குப் பலகை உள்ள ரேக்கும் அதற்கான மின்இணைப்பும் தேவை. சைலன்ஸர் வாய்க்கு நேரே டயர் வரக் கூடாது, புகைச் சூட்டில் ரப்பர் உருகும். தானாகத் திறக்கும் பின்கதவு என்றால் அந்த வசதியை அணைத்து வையுங்கள். பின்னோக்கி ஓட்டும்போது சென்சார் ரேக்கையே தடையாக நினைத்து பிரேக் போடுவதும் நடக்கும்.

டிக்கிக் கதவில் பட்டையால் கட்டும் ரேக் விலை குறைவு. ஆனால் பின்கண்ணாடியின் மேல் ஸ்பாய்லர் உள்ள கார்களிலும் பிளாஸ்டிக் பின்கதவு உள்ள கார்களிலும் கொக்கி பிடிக்கச் சரியான விளிம்பு இருக்காது. பட்டை தளர்ந்தால் சைக்கிள் சாலையில் விழும், பெயிண்ட் உரசுவதும் நிச்சயம். எப்போதோ ஒருமுறை என்றால் சரி, இதை நம்பி கார் வாங்க வேண்டாம்.

ஷோரூமுக்குப் போகும்போது சைக்கிளையும் ஒரு பழைய போர்வையையும் கொண்டு போங்கள். யார் உதவியும் இல்லாமல் நீங்களே ஏற்றி, பின்கதவை மெதுவாகச் சாத்திப் பாருங்கள். ஹேண்டில்பார் கண்ணாடியைத் தொடக் கூடாது. டிஸ்க் பிரேக் சைக்கிளில் சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் பேட்களுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டை வைக்க மறக்காதீர்கள். அது இல்லாமல் பிரேக் லீவர் அழுந்திவிட்டால் பேட்கள் ஒட்டிக்கொள்ளும், இறக்கிய இடத்தில் சக்கரம் உள்ளே போகாது.