இரண்டு வரிகளில் ஒரு சிறுநீரகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க மருத்துவத்தில் கறுப்பின மக்களுக்கு நேரும் பாரபட்சம் பற்றி நீங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து படிக்கிறேன். எனக்கு ஊர் பாம்பன். அப்பா நாற்பது ஆண்டு கடலுக்குப் போனவர். இருபது ஆண்டாகச் சர்க்கரை. உங்கள் கட்டுரையைப் படித்த பிறகு, 2019இல் எடுத்த அவருடைய இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். வயது 68, கிரியாட்டினின் 1.4. அதன் கீழே சிறுநீரகச் செயல்திறன் என்று இரண்டு வரிகள்: 'ஆப்பிரிக்க அமெரிக்கர் 61', 'மற்றவர் 50'. அன்று கேட்டபோது, "மேலே இருப்பது வெளிநாட்டுக்காரர்களுக்கு, நீங்கள் கீழே இருப்பதைப் பாருங்கள்" என்றார்கள்.

'மருத்துவத்தில் இனத்துக்கு இடமில்லை' என்று எழுதுகிறீர்கள். ஆனால் உடல் எடைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே இந்தியர்கள் சர்க்கரைக்குப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியதும் நீங்கள்தான். நமக்குத் தனி அளவு வைத்தால் அறிவியல், கறுப்பருக்கு வைத்தால் இனவெறியா? இதையெல்லாம் மருத்துவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா? ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கும் எங்களுக்கு அமெரிக்கச் சண்டை எதற்கு?

ம., பாம்பன்

அன்புள்ள ம.,

நீங்கள் பிடித்த இடம் சரியான இடம். 'மருத்துவத்தில் இனத்துக்கு இடமில்லை' என்பது அவசரத்தில் எழுதிய, தளர்வான வாக்கியம். மக்கள் கூட்டங்களுக்கிடையே உடல் வேறுபாடுகள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு வேறுபாட்டை எதைக் கொண்டு அளந்தார்கள், அந்த எண் நோயாளியை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பவைதான் நான் கேட்க வந்த கேள்விகள். அவற்றைச் சுருக்கப்போய் வாக்கியம் கெட்டுவிட்டது.

உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டிலிருந்தே தொடங்கலாம். கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் அதை வெளியேற்றும் வேகத்தை நேராக அளப்பது பெரிய வேலை என்பதால், இரத்தத்தில் தங்கியிருக்கும் அளவையும் வயதையும் பாலினத்தையும் ஒரு சூத்திரத்தில் போட்டு மதிப்பிடுகிறார்கள். உங்கள் ரிப்போர்ட்டிலுள்ள சூத்திரம், அமெரிக்காவில் சுமார் 1,600 சிறுநீரக நோயாளிகளிடம் நடந்து 1999இல் வெளியான ஆய்விலிருந்து வந்தது. அவர்களில் சிறுபான்மையினராக இருந்த கறுப்பினத்தவருக்கு, அதே கிரியாட்டினினுக்குச் செயல்திறன் சராசரியாகக் கூடுதலாகத் தெரிந்தது. உடனே விடையை ஏறத்தாழ 1.21ஆல் பெருக்கச் சொல்லிவிட்டார்கள். கறுப்பருக்குத் தசை அதிகம் என்பது அதற்குத் தந்த விளக்கம். ஆனால் சூத்திரத்தில் தசையை எழுத ஒரு கட்டமும் இல்லை. இனத்தை எழுதத்தான் கட்டம் இருந்தது. 50ஐ 1.21ஆல் பெருக்கினால் 61. மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழே இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பது வழக்கத்திலுள்ள எல்லை. ஒரே குப்பியில் எடுத்த ஒரே இரத்தம் ஒரு வரியில் நோயாளியாகவும் அடுத்த வரியில் ஏறக்குறைய நலமானவராகவும் ஆனது இப்படித்தான்.

அமெரிக்காவில் இது தாளோடு நிற்கவில்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் காத்திருப்புக் காலம் சேரத் தொடங்க, செயல்திறன் 20 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும், அல்லது டயாலிசிஸ் தொடங்கியிருக்க வேண்டும். பெருக்கல் எண்ணால் உயர்ந்து தெரிந்தவர்களுக்கு அந்தக் கணக்கு தாமதமாகவே தொடங்கியது. 2021இல் அங்குள்ள சிறுநீரக மருத்துவ அமைப்புகள் இனத்தை நீக்கிய புதிய சூத்திரத்தைப் பரிந்துரைத்தன. 2023இல், பழைய சூத்திரத்தால் பின்தங்கிய கறுப்பின நோயாளிகளின் காத்திருப்புக் காலத்தைத் திருத்தித் தரும்படி மருத்துவமனைகளுக்கு உத்தரவு வந்தது. ஏறத்தாழ ஓராண்டில் 14,000க்கும் மேற்பட்டோரின் கணக்கு அப்படித் திருத்தப்பட்டது.

இப்போது உங்கள் 23க்கு வருகிறேன். 2004இல் 'லான்செட்' இதழில் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் எடைக் குறியீடு 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. இங்கே ஊகித்தது எதுவுமில்லை, கொழுப்பையே அளந்திருக்கிறார்கள். மேலும், எல்லையை 23க்கு இறக்குவதில் தவறு நேர்ந்தாலும் ஒருவர் தேவையின்றி ஒருமுறை இரத்தம் கொடுத்துவிட்டுப் போவார். சிறுநீரகச் சூத்திரத்தில் நேர்ந்த தவறு வரிசையில் ஒருவருடைய ஆண்டுகளைத் தின்றது. இரண்டும் தனி அளவுதான், ஆனால் ஒரே தராசில் வைக்க முடியாது. அதே சமயம், அந்த 23க்காக ஜப்பானியரையும் நம்மையும் 'ஆசியர்' என்று ஒரே பையில் போடுவதும் தோராயமான காரியமே என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

'எங்களுக்கு எதற்கு' என்ற கேள்விதான் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது. பழைய சிறுநீரகச் சூத்திரம் உங்கள் அப்பாவின் தோலைப் பார்க்கவில்லை. நாற்பது ஆண்டு வெயிலிலும் உப்பிலும் கறுத்த மனிதரை அது 'மற்றவர்' என்று வெள்ளையரோடு உட்கார வைத்தது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் நேர்மாறு. அதற்கு வம்சாவளி தெரியாது. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, எவ்வளவு மறுபக்கம் வருகிறது என்று மட்டும் பார்க்கிறது. தோலின் நிறமியும் அந்த ஒளியை உறிஞ்சும் என்பதால், கறுத்த விரலில் ஆக்சிஜன் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும் வாய்ப்பு அதிகம். 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது தமனி இரத்தத்தில் உண்மையில் 88க்கும் கீழே இருந்த நேர்வுகள் வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடு. இந்தக் கருவிகளைச் சோதிக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2013இல் தந்த வழிகாட்டுதலில், குறைந்தது 10 பேரைச் சோதித்தால் போதும். கறுத்த தோலுடையவர்கள் அவர்களில் 2 பேர் அல்லது 15 விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அவ்வளவு இருந்தால் போதும்.

2021 மே மாதம், கொரோனா அலையின்போது, தொண்டிக்கு அருகே என் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் நான் உட்கார்ந்திருந்தேன். தன்னார்வலராக வந்த பெண் அவர் ஆள்காட்டி விரலில் கிளிப்பை மாட்டினார். தூண்டில் நரம்பு இழுத்து இழுத்துக் காய்த்து, வெடித்துக் கிடந்த விரல். எண் 91 என்றது, 95க்குத் தாவியது, அணைந்தது. முந்தானையால் விரலைத் துடைத்துவிட்டு நடுவிரலுக்கு மாற்றினார். 93, பிறகு 95. நோட்டில் 95 என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அன்று அவருக்கு இன்னும் முப்பது வீடுகள் பாக்கி. பெரியப்பாவின் மூச்சை நான் கைக்கடிகாரம் வைத்து எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பது. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம், பதினொரு நாளில் திரும்பினார். அந்த 95க்குத் தோலின் நிறம்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். காய்த்த விரல், குளிர்ந்த விரல், தீரப்போகும் பேட்டரி எதுவும் காரணமாகலாம். ஆனால் அது எத்தகைய விரல்களில் சோதித்த கருவி என்று அந்தத் திண்ணையில் எங்கள் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மருத்துவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்கிறீர்கள். கறுத்த தோலில் கருவி பிசகுகிறது என்பது 1990லேயே ஆய்விதழில் வந்திருந்தது. முப்பது ஆண்டு கழித்து, 2020 ஆகஸ்டில், ஏமி மோரன்-தாமஸ் என்ற மானிடவியலாளர், கொரோனா கண்ட கணவருக்காக வாங்கிய ஆக்சிமீட்டரில் தொடங்கி அந்தப் பழைய ஆய்வுகளைத் தோண்டி எடுத்துப் பொது வாசகர்களுக்கான இதழில் எழுதினார். மேலே சொன்ன மிச்சிகன் மருத்துவர்களைத் தங்கள் பதிவேடுகளைப் புரட்டத் தூண்டியது அந்தக் கட்டுரைதான். என் தொழிலின் பயனை இதற்குமேல் பெருமையாகச் சொல்லத் தெரியவில்லை. மனிதரை வகைபிரித்து மருத்துவம் பார்ப்பது நம் கடற்கரைக்குப் புதிதும் இல்லை: நாம் இன்றும் 'மண்டபம் கேம்ப்' என்று சொல்லும் இடத்தில்தான், இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளிகளை நோய்த்தடுப்பு முகாமில் நிறுத்தி, அம்மை குத்திக் கப்பலேற்றினார்கள்.

அப்பாவின் விஷயம். 2021 சூத்திரத்தில் அவருடைய 1.4ஐப் போட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ 55 வருகிறது. இதுவும் மதிப்பீடுதான். வயதாகி உடல் இளைத்தவருக்குத் தசை குறைவு, அதனால் கிரியாட்டினினும் குறைவாகவே ஊறும், சிறுநீரகம் உள்ளதைவிட நன்றாக இருப்பதுபோல் சூத்திரம் காட்டும். ஆகவே 2019ஆம் ஆண்டு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு யோசிக்காமல் புதிதாக எடுங்கள். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்ற பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். இருபது ஆண்டுச் சர்க்கரைக்கு அது ஆண்டுதோறும் செய்ய வேண்டியது. தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனையும் உண்டு, விலை கூடுதல். தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும். புதிய ரிப்போர்ட்டிலும் இரண்டு வரிகள் அச்சாகி வந்தால், எந்த ஆண்டுச் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று பரிசோதனைக்கூடத்தில் கேட்டு எனக்கும் எழுதுங்கள்.