தேவாலயத்தின் குழாய் ஆர்கனைத் தன்னார்வலர்களே கட்டி நிறுவ முடியுமா?

பெருமளவு முடியும். குழாய் ஆர்கன் என்பது, துருத்தியில் சேரும் காற்றைக் கட்டைகளை அழுத்துவதன் மூலம் குழாய்களுக்குள் செலுத்தி ஒலிக்கச் செய்யும் கருவி. புல்லாங்குழலில் துளைகளை மூடிச் சுரம் மாற்றலாம். இதிலோ ஒரு குழாய்க்கு ஒரே சுரம் என்பதால் குழாய்கள் நூற்றுக்கணக்கில் பெருகுகின்றன. பிலிப்பைன்ஸின் லாஸ் பின்யாஸில் பாதிரியார் தியேகோ செரா ஊராரின் துணையோடு 1816இல் தொடங்கி 1824இல் முடித்த ஆர்கனில் 1,031 குழாய்கள்; அவற்றில் 902 மூங்கில். பூச்சி அரிக்காதிருக்க அம்மூங்கில்களைக் கடற்கரை மணலில் புதைத்து வைத்தனர். பெட்டி செய்வது, துருத்திக்குத் தோல் ஒட்டுவது, குழாய்களை ஏற்றுவது ஆகியவை பொறுமையுள்ள சபையாருக்கு எட்டக்கூடியவை. குழாயின் வாயை இம்மியளவு சீவி, கூடத்தின் எதிரொலிக்கேற்பக் குரலைத் திருத்துவதைத் தேர்ந்த கையிடம் விடுவதே நல்லது. காற்றழுத்தத்தைக் கூட்டினால் ஒலி பெருகும் என்று பலர் எண்ணுகின்றனர். அப்படிச் செய்தால் சுருதி பிசகும், ஒலியைப் பெருக்க வாசிப்பவர் கூடுதல் குழாய் வரிசைகளையே திறக்கிறார்.