அடுக்ககத்துப் பூனைகள்: எவற்றுக்கு வீடு தேடுவது, எவற்றை அங்கேயே விடுவது?

கேள்வி: வேளச்சேரியில் 48 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வண்டி நிறுத்துமிடத்தில் வந்து தங்கிய இரண்டு பூனைகள் இன்று குட்டிகளோடு சேர்த்துப் பதினொன்றாகிவிட்டன. சிலர் பால் வைக்கிறார்கள். சிலர் சாக்கில் கட்டிப் பள்ளிக்கரணைப் பக்கம் விட்டுவிட வேண்டும் என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் நல்ல வீடு தேடித் தர வழி உண்டா?

பதில்: பதினொன்றுக்கும் வீடு கிடைக்காது, கிடைத்தாலும் அவற்றில் பாதி அந்த வீடுகளில் தங்காது. எவற்றைத் தத்துக் கொடுப்பது, எவற்றைக் கருத்தடை செய்து இருந்த இடத்திலேயே விடுவது என்று பிரித்தறிவதுதான் உங்கள் முதல் வேலை. அதற்கு ஒரு வாரம் பொறுமையாகக் கவனித்து, ஒவ்வொரு பூனையின் நிறம், ஆணா பெண்ணா, எந்த நேரத்தில் எங்கே வருகிறது என்பவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் மூன்றும் கலந்த பூனை இருந்தால் அது ஏறக்குறைய எப்போதும் பெட்டைதான். கன்னம் உப்பி, தலை பெரிதாகத் தெரிவது முதிர்ந்த கடுவன்.

நான் முதலில் பார்ப்பது வாலை. உங்களைக் கண்டதும் வாலைச் செங்குத்தாகத் தூக்கியபடி கத்திக்கொண்டு வருவது, யாரோ வளர்த்துவிட்டுக் கைவிட்ட பூனை. அதற்கு எந்த வயதிலும் வீடு தேடலாம். மனிதரைப் பார்த்துக் கத்தாமல், உடலைத் தரையோடு தாழ்த்தி, தட்டை வைத்துவிட்டு நீங்கள் விலகிய பின்பே உண்ண வருவது மனிதர் கை படாமல் வளர்ந்தது. அப்படி வளர்ந்து பெரிதான பூனையை ஓர் அறையில் அடைப்பது அதற்குத் தண்டனை. கட்டிலுக்கு அடியில் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும், கதவு திறந்த நாளில் ஓடிவிடும். அன்பு காட்டினால் மாறிவிடும் என்று பலர் என்னிடம் வாதிட்டதுண்டு. ஒன்றிரண்டு மாறவும் செய்யும், ஆனால் அந்த நம்பிக்கையில் திட்டம் போடக் கூடாது.

குட்டிகளின் கதை வேறு. பிறந்த இரண்டாவது வாரம் முதல் ஏழாவது வாரம் வரை மனிதரின் கையும் குரலும் பழகினால் அது வீட்டுப் பூனையாகிவிடும். எட்டு வாரத்தைத் தாண்டினால் உழைப்பு கூடும், நான்கு மாதத்துக்கு மேல் பலன் குறைவு. வயதை அறிய எடையே போதும்: பிறக்கையில் சுமார் 100 கிராம், பிறகு வாரத்துக்கு ஏறத்தாழ 100 கிராம் கூடும், சமையலறைத் தராசில் 900 கிராம் காட்டினால் எட்டு வாரம் என்று கொள்ளலாம். அதுவரை தாயிடமிருந்து பிரிக்காமல், தினமும் சில நிமிடங்கள் கையில் எடுத்துப் பழக்குங்கள்.

ஆனால் தத்துக் கொடுப்பது மட்டும் நடந்து கருத்தடை நடக்காவிட்டால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்பும் கதைதான். பெட்டைப் பூனை ஐந்து மாதத்திலேயே சினைப்படக் கூடும். சினைக்காலம் 63 முதல் 65 நாட்கள், ஓர் ஈற்றில் மூன்று முதல் ஐந்து குட்டிகள், குட்டிகள் பால் குடிக்கும்போதே மறுபடியும் சினைப்படும். பகல் நேரம் குறையும் குளிர்காலத்தில் குளிர்நாட்டுப் பூனைகளுக்குக் கிடைக்கும் இடைவெளியும் நம் ஊரில் பெரும்பாலும் இல்லை. இந்தக் கணக்கில் பார்த்தால் இரண்டு ஆண்டில் இரண்டு பதினொன்றானது குறைவே; பிறந்தவற்றில் பல உங்கள் கண்ணில் படாமலே இறந்திருக்கின்றன.

ஆகவே பெட்டைகளையே முதலில், முடிந்தவரை ஒரே மாதத்துக்குள், பிடியுங்கள். அறுவைச் சிகிச்சைக்கு வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ, விலங்கு நல அமைப்பு ஒன்றையோ, தனியார் மருத்துவரையோ அணுகி, நாளை உறுதி செய்த பிறகே கூண்டு வையுங்கள். பிடித்து வைத்துக்கொண்டு மருத்துவரைத் தேடுவது பூனைக்கும் உங்களுக்கும் வேதனை. சாக்கும் வலையும் வேண்டாம், மிதித்ததும் கதவு விழும் கம்பிக்கூண்டு போதும். சில நாட்கள் கதவைக் கட்டிவைத்துத் திறந்த கூண்டுக்குள்ளேயே உணவு வைத்துப் பழக்கிவிட்டு, முதல் நாள் இரவுச் சாப்பாட்டை நிறுத்தி, மறுநாள் மிதிதட்டுக்கு அப்பால் வதக்கிய மத்தி மீனையோ நெத்திலிக் கருவாட்டையோ வையுங்கள். கதவு விழும் ஓசைக்குப் பூனை கம்பியில் முட்டி மோதும். அப்போது அருகில் சென்று சமாதானம் சொல்லாமல், தடித்த போர்வையால் கூண்டை முழுவதும் மூடிவிடுங்கள். இருட்டானதும் ஒரு நிமிடத்தில் அடங்கிப் படுத்துவிடும். கண் திறக்காத குட்டிகளை வைத்திருக்கும் தாய் மாட்டிக்கொண்டால் அன்றே விட்டுவிட்டு, குட்டிகள் தாமாக உண்ணத் தொடங்கிய பின் மீண்டும் பிடிப்பது நல்லது.

அறுவையின்போதே வெறிநோய்த் தடுப்பூசி போடச் சொல்லி, காதின் நுனியை, வழக்கமாக இடது காதில், ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டச் சொல்லுங்கள். மயக்கத்தில் வெட்டுவதால் வலி தெரியாது, கருத்தடை ஆன பூனை தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். கடுவனை ஒரு நாளும் பெட்டையை இரண்டு நாளும் மூடிய கூண்டில் வைத்துவிட்டு, பிடித்த அதே இடத்தில் திறந்துவிடுங்கள். காயத்துக்கு வலி மாத்திரை என்று பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்; ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

பள்ளிக்கரணை யோசனையை உங்கள் சங்கக் கூட்டத்தில் வெளிப்படையாக மறுத்துவிடுங்கள். பழகிய எல்லையை இழந்த பூனை அங்கே பட்டினியால் சாகும், அல்லது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த அந்தச் சதுப்பு நிலத்துப் பறவைகளைத் தின்று பிழைக்கும். உங்கள் இடத்திலோ, உணவு இருக்கும் வரை பக்கத்துத் தெருவின் கருத்தடை ஆகாத பூனைகள் வந்து குடியேறும். விலங்கைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின் கீழ் குற்றம். விஷம் வைத்துக் கொன்றால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. இதைச் சொன்னால் பெரும்பாலும் குரல் தணியும்.

எதிர்ப்பவர்களின் குறையில் நியாயமும் இருக்கிறது. கார் மேல் கால்தடம், செடித்தொட்டியில் மலம், நடு இரவில் சண்டை ஆகியவை எல்லாம் உண்மையான தொல்லைகள். சண்டையும் கடுவன் பீய்ச்சும் சிறுநீரின் நாற்றமும் கருத்தடைக்குப் பின் பெருமளவு குறையும். மீதிக்கு, வண்டிகளிலிருந்து தள்ளி ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் உணவு வைத்து, அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். மதில் ஓரம் ஆற்று மணல் நிரப்பிய ஒரு பெட்டி வைத்துத் தினமும் சுத்தம் செய்யுங்கள், அதைக் கர்ப்பிணிகள் செய்ய வேண்டாம். பால் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும். வெங்காயம் சேர்ந்த மீன் குழம்புச் சோறு இரத்தத்தைக் கெடுக்கும். உப்பில்லாமல் வேகவைத்த மீனும் கொஞ்சம் சோறும் தண்ணீரும் போதும். யாரையாவது கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தத்துக் கொடுக்கும் குட்டிக்கு எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசியும் நான்கு வாரம் கழித்து அடுத்ததும், மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசியும் போட வேண்டும். எடை ஒரு கிலோவைத் தாண்டியதும் கருத்தடை செய்துவிடலாம், அதற்கு முன் கொடுத்தால் அந்தப் பொறுப்பை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பவரின் வீட்டை நேரில் பாருங்கள். மேல்மாடி பால்கனிக்கு வலை இல்லையென்றால் கொடுக்காதீர்கள். பூனை விழாது என்பது வெறும் பேச்சு, விழுந்து தாடை உடைந்தவற்றை நான் தைத்திருக்கிறேன். இரண்டு குட்டிகளைச் சேர்த்து எடுப்பவருக்கு முன்னுரிமை கொடுங்கள். புதிய வீட்டில் முதல் சில நாட்கள் ஒரே அறையில் வைக்கச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகும் அந்த நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். காது நுனி முழுதாக உள்ள புதுப் பூனை ஒன்று தட்டருகே தென்பட்டால், அந்த வாரமே கூண்டை மறுபடி எடுங்கள்.